முதுகெலும்பு முறிவும் புதிய ரண சிகிச்சையும்
(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தென்னையிலும் பனையிலும் ஏறுவோருக்கும், கிணற்று வேலை செய்வோருக்கும், வைக்கோற் பாரத்தின்மீது அமர்ந்து செல்வோருக்கும் தவறி விழும் அபாயம் என்றும் உண்டு. அவ்வாறு விழுபவரின் முதுகெலும்பு பெரும்பாலும் நெஞ்சுக்கூடு முடிந்து இடுப்புத் தொடங்கும் இடத்திலேயே முறிகின்றது. மேற்பகுதி விலாவெலும்புகளோடு பிணைந்து விறைப்பாக நிற்பது. கீழ்ப்பகுதி வளைந்து கொடுப்பது. இரண்டும் கூடுமிடத்தில் தாக்குதல் மிகுகின்றது. முறிந்த எலும்புத் துண்டு உள்ளே செல்லும் நரம்புத் தண்டை அழுத்தினால் கால்கள் செயலிழக்கலாம். சிறுநீரை அடக்கும் சக்தியும் போய்விடலாம்.

எல்லா முறிவுக்கும் ரண சிகிச்சை வேண்டுவதில்லை. நரம்பு பழுதுபடாமல், எலும்பும் நிலைபெயராமல் இருந்தால் ஓய்வும் இடுப்புக் கச்சையும் போதுமானவை. நிலை தளர்ந்த முறிவுக்கே திருகாணிகளும் உலோகக் கம்பிகளும் தேவைப்படும். சாய்ந்த வாழைக்கு முட்டுக் கொடுப்பதுபோல, எலும்பு கூடும்வரை அவை தாங்கி நிற்கும்.

முற்காலத்தில் இதற்காக முதுகை நீளக் கிழித்துத் தசைகளை இருபுறமும் விலக்க வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்து மருத்துவர் மாகெர்ல் 1980-களின் தொடக்கத்தில் தோல் வழியாகவே திருகாணிகளைச் செலுத்தி, உடலுக்கு வெளியே அவற்றைக் கம்பியால் பிணைத்தார். கம்பியையும் தசைக்கு அடியிலேயே செலுத்தும் முறையை அமெரிக்க மருத்துவர் ஃபோலியும் அவர் குழுவினரும் 2001-ல் வெளியிட்டனர். எக்ஸ்ரே திரையைப் பார்த்தவாறே, ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அளவுள்ள சிறு துளைகள் வழியாக இது செய்யப்படுகின்றது. இரத்தச் சேதமும் தசைச் சிதைவும் குறைகின்றன. நோயாளி விரைவில் எழுந்து அமர முடிகின்றது.

ஆயினும் இதற்கு எல்லை உண்டு. நரம்பை அழுத்தும் துண்டுகளை அகற்றப் பல சமயங்களில் திறந்த சிகிச்சையே வேண்டும். அறவே அழிந்த நரம்பை எந்தத் திருகாணியும் உயிர்ப்பிக்காது. எனவே மருத்துவர் கைக்குச் சேருமுன் கிராமத்தில் நடப்பது மிக முக்கியமாகும்.

விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காதீர்கள். கைகால்களைப் பற்றித் தூக்காதீர்கள். கயிற்றுக் கட்டிலும் வேட்டித் தூளியும் நடுவில் தொய்ந்து முதுகை வளைத்துவிடும். உடனே 108-க்குச் சொல்லுங்கள். அவ்விடத்தில் வேறு ஆபத்து இல்லையெனில் வாகனம் வரும்வரை அசைக்காதீர்கள். அசைத்தே தீரவேண்டுமாயின் நால்வர் சேர்ந்து, தலை, கழுத்து, உடல் ஆகியவை ஒரே நேர்க்கோட்டில் இருக்குமாறு ஒருசேரப் புரட்டி, உறுதியான பலகையில் கிடத்துங்கள். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.

கால்கள் மீளாவிட்டாலும் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. 1954-ல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே ரண சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தோன்றிற்று. அத்தகைய பயிற்சி பெறாமல் வீட்டில் கிடப்பவருக்குப் படுக்கைப் புண்ணும் சிறுநீரகக் கோளாறுமே எமனாகின்றன.

ஆகவே ஒவ்வொரு பஞ்சாயத்தும் ஆள் நீளமுள்ள வலுவான பலகை ஒன்றைப் பொது இடத்தில் வைத்திருக்க வேண்டும். அதைக் கையாள இளைஞர் நால்வருக்குப் பயிற்சியளிக்க வேண்டும். அடுத்த கூட்டத்திலேயே இதற்குத் தீர்மானம் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்ளுகிறேன்.