விட்டவர்தான் வென்றவர்!



'பிடித்ததை இறைவனுக்காக விடுவது இழப்பா, பேறா?' என்பது தலைப்பு. எதிரணி நண்பர் கேட்டார்: "ஒரு நாள் விளையாடினா சாமி கோவிச்சுக்குமா?" கோவிச்சுக்காது ஐயா! ஆனா நம்ம ஆளு எதை விடறான்னு பாருங்க. காசிக்குப் போனா பிடிச்சதை விடணும்னு சொன்னா, பாகற்காயை விட்டுட்டு வர்றான்! (சிரிப்பு)

உண்மையிலேயே பிடித்ததை விட்ட ஒருவரைச் சொல்கிறேன். எரிக் லிடெல். ஸ்காட்லாந்துக்காரர். சீனாவில் சமயப்பணி செய்த பெற்றோருக்கு 1902-இல் அங்கேயே பிறந்தவர். ஓட்டம் என்றால் உயிர். 1923-இல் 100 கஜத்தை 9.7 விநாடியில் ஓடினார். அந்த பிரிட்டிஷ் சாதனை பல ஆண்டுகள் நின்றது!

1924, பாரிஸ் ஒலிம்பிக். 100 மீட்டர் தகுதிச் சுற்று ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஆண்டவரின் நாள், அன்று விளையாட்டு இல்லை என்பது அவர் கொள்கை. "ஓட மாட்டேன்" என்றார். தொடர் ஓட்டங்களும் ஞாயிற்றுக்கிழமை வந்தன. அவையும் வேண்டாம் என்றார்.

'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்று 1981-இல் வந்த படத்தில், கப்பல் ஏறும்போதுதான் அவருக்குச் செய்தி தெரிகிற மாதிரி காட்டுவார்கள். உண்மையில் பல மாதம் முன்பே தெரியும். ஒரு நிமிஷ ஆவேசத்திலே வேண்டாம்னு சொல்றது சுலபம். மாதக்கணக்கா மனசு மாறாம இருக்கணுமே, அதுதான் நோன்பு! (கைத்தட்டல்)

100 மீட்டர் தங்கம் ஹரால்ட் ஆபிரகாம்சுக்குப் போனது. லிடெல் 200 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். ஜூலை 11 வெள்ளிக்கிழமை 400 மீட்டரில் 47.6 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார்.

"அதான் தங்கம் கிடைச்சுதே, கணக்கு நேராயிடுச்சே" என்பார் எதிரணி நண்பர். இல்லை ஐயா. விடும்போது அந்தத் தங்கம் கையில் இல்லை. 400 மீட்டர் அவருடைய சிறப்பு ஓட்டமும் இல்லை. வரும் என்று தெரிந்து விட்டால் அது வியாபாரம். வருமா என்று தெரியாமல் விட்டால்தான் அது துறவு!

அடுத்த ஆண்டே புகழையும் விட்டுச் சீனாவுக்குப் பணி செய்யப் போனார். போர் வந்தது. 1943-இல் ஜப்பானியர் அவரை வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். மனைவி மக்கள் கனடாவில். கடைசிப் பெண்ணின் முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

முகாமில் இளம்பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள். நடுவர் கிடையாது. அடிதடியாகிவிட்டது. (நடுவர் இல்லேன்னா அப்படித்தான், ஐயா!) (சிரிப்பு) அடுத்த ஞாயிறு நடுவராக வந்து நின்றது யார்? லிடெல்!

ஒலிம்பிக்குக்காக ஞாயிற்றை விடாதவர், அடைபட்ட பிள்ளைகளுக்காக விட்டார். கொள்கை தளர்ந்ததா? இல்லை, கனிந்தது! தனக்குப் புகழ் வருகிற இடத்தில் பிடிவாதம், பிறர் வாடுகிற இடத்தில் இரக்கம். பிடித்ததை விட்டுப் பழகிய மனசுக்குத்தான், தன் பிடிவாதத்தையும் விடத் தெரியும்!

1945 பிப்ரவரி 21-இல், 43 வயதில், விடுதலைக்கு ஆறு மாதம் முன்பு, மூளைக் கட்டியால் அங்கேயே இறந்தார்.

அவர் ஓடி வாங்கிய பதக்கத்தை விட, ஓடாமல் நின்ற அந்த ஞாயிற்றைத்தான் உலகம் இன்றும் பேசுகிறது. ஆகவே பிடித்ததை விடுவது பேறே என்று தீர்ப்பு வழங்க வேண்டுகிறேன்.