ஆசிரியரின் முதுகும் 'டக்' என்ற சத்தமும்

(வட்டார வளமையத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் இயன்முறை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது, இருக்கைகள் காலியாக இருந்தும் பின்னால் நான்கைந்து பேர் சுவரோரம் நின்றுகொண்டிருப்பதைத்தான். உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கிறது என்று அவர்களில் ஒருவர் சொன்னார். தயவுசெய்து நின்றபடியே கேளுங்கள். இன்றைய பேச்சு உங்களுக்கானதுதான்.

என்னிடம் வரும் ஆசிரியர்கள் பலர் எம்.ஆர்.ஐ. படத்தை நீட்டி, "ஜவ்வு விலகிடுச்சாம் டாக்டர்" என்பார்கள். அடுத்த கேள்வி முன்பெல்லாம் "ஆபரேஷன் வேண்டுமா?" என்று இருந்தது. இப்போது கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டுகிறார்கள். ஒருவரைப் படுக்கவைத்துத் திருகுகிறார்கள், 'டக்' என்று சத்தம் வருகிறது, அவர் எழுந்து சிரிக்கிறார். "இந்தக் கைரோபிராக்டிக் செய்துகொண்டால் ஜவ்வு உள்ளே போய்விடுமா?"

போகாது. ஏன் என்று சொல்கிறேன்.

முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வைப் பூரணம் வைத்த கொழுக்கட்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உறுதியான நார் வளையங்கள், உள்ளே கூழ். பல ஆண்டுகள் ஒரே பக்கமாக அழுத்திவந்தால் நார் நைந்து, கூழ் பிதுங்கிப் பக்கத்து நரம்பைத் தொடுகிறது. பெரும்பாலும் இது நடப்பது இடுப்பின் கடைசி இரண்டு ஜவ்வுகளில். அதனால்தான் வலி பிட்டத்தில் தொடங்கித் தொடை, கெண்டைக்கால், பாதம் என்று இறங்குகிறது. தும்மினால் சுரீர் என்கிறது. ஜவ்வு எங்கும் 'விலகுவது' இல்லை, பிதுங்குகிறது. பிதுங்கிய கூழைக் கையால் உள்ளே தள்ள யாராலும் முடியாது. அந்த 'டக்', விரலில் நெட்டி முறிக்கும்போது வருகிற அதே சத்தம்தான். மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது.

பிதுங்கியதை உடலே மெல்ல மெல்லக் கரைத்து அகற்றிக்கொள்கிறது. இந்த நல்ல செய்தியை ஏனோ யாரும் உங்களுக்குச் சொல்வதில்லை. பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் வலி நன்றாகக் குறைந்துவிடும். படத்தைப் பார்த்தும் பயப்படாதீர்கள். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு, 52 விழுக்காட்டினருக்கு, ஏதாவது ஒரு ஜவ்வு புடைத்திருந்தது. அவர்கள் பாட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் கைரோபிராக்டிக் வீண்தானா? அப்படியும் சொல்லமாட்டேன். 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் இதைத் தொடங்கியபோது, ஏறக்குறைய எல்லா நோய்க்கும் முள்ளெலும்பு இடம் மாறுவதே காரணம் என்றார். அதை மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை. ஆனால் முதுகெலும்பை அளவோடு அசைத்துத் தரும் சிகிச்சை, இடுப்புவலியை ஓரளவு தணிக்கிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடற்பயிற்சி, மசாஜ் போன்றவற்றோடு இதையும் ஒரு வழியாகச் சேர்த்திருக்கிறது. வலி தணிந்தால் நடக்கலாம், நடந்தால் குணமாவது எளிதாகும். அதன் பயன் அவ்வளவுதான். இருபது அமர்வுக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. நம் நாட்டில் கைரோபிராக்டிக்குக்கெனத் தனியாகச் சட்டப்படியான பதிவு முறை இல்லை. பல ஆண்டுகள் படித்தவரும், சில நாள் பயிற்சி பெற்றவரும் ஒரே மாதிரிப் பலகை மாட்டலாம். ஆகவே என்ன படித்தார் என்று கேளுங்கள். தொடும் முன் உங்கள் கால் பலத்தையும் உணர்ச்சியையும் சோதிக்கிறாரா என்று பாருங்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்ப மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள். அரிதாகவேனும் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது.

ஒரு நடுநிலைப்பள்ளி ஆசிரியை, பெயர் வேண்டாம். கால்வலிக்குச் சுளுக்கு எடுப்பவரிடம் மூன்று முறை போனார். இரண்டாம் முறைக்குப் பிறகே செருப்பு காலிலிருந்து தானாகக் கழன்று விழத் தொடங்கியிருக்கிறது. செருப்பு பழசு என்று புதிதாக ஒன்று வாங்கினார். என்னிடம் வந்தபோது பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. அன்றே அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். வலி போய்விட்டது. பாதத்தின் பலம் முழுதாகத் திரும்பவில்லை. இன்றும் படியேறும்போது தடுக்குகிறது.

எனவே இதை வீட்டிலேயே செய்து பாருங்கள்: சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் பத்து அடி, பிறகு நுனிக்காலால் பத்து அடி நடங்கள். ஒரு பக்கம் முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள், திருகுபவரிடம் அல்ல. சிறுநீர் வராமல் நின்றாலோ, தன்னை அறியாமல் போனாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ காலை வரை காத்திருக்காமல் அந்த இரவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பெண் ஆசிரியர்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு நாளைக் கடத்திவிடுகிறார்கள்.

இவை எதுவும் இல்லாமல் வலி மட்டும் என்றால், ஓரிரு நாள் ஓய்வு போதும். மாதக்கணக்கில் படுத்திருப்பது முதுகுத் தசைகளைத்தான் கெடுக்கும். ஜவ்வுக்கு நேரடி இரத்த ஓட்டம் இல்லை. அழுத்தமும் தளர்வும் மாறி மாறி வரும்போதுதான் அதற்கு ஊட்டம் போகிறது. அதனால் சமதரையில் சிறிது சிறிதாக நடங்கள்.

இனி வருமுன் காப்பது. இரவில் படுத்திருக்கும்போது ஜவ்வு நீரை உறிஞ்சிப் புடைத்திருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிவதற்கு மோசமான நேரம். நம் வீடுகளில் குடம் தூக்குவதும் வாசல் பெருக்குவதும் அப்போதுதான் நடக்கிறது. முடிந்தால் அந்த வேலைகளைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள், அல்லது வீட்டில் உள்ள ஆண்களிடம் கொடுங்கள். (சிரிப்பு)

வகுப்பில் குழந்தையின் நோட்டைப் பார்க்க இடுப்பை வளைக்காதீர்கள். ஒரு முழங்காலை மடித்து இறங்குங்கள். எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் தரையில் அமர்பவர்கள் சுவரில் சாய்ந்து, மடித்த துணியின்மேல் உட்காருங்கள். அறுபது நோட்டுகளை ஒரே கட்டாகத் தூக்காதீர்கள். இரண்டாகப் பிரித்து உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள், அல்லது மாணவர்களிடம் கொடுங்கள், சந்தோஷமாகத் தூக்குவார்கள். நிற்பதைவிட முன்னால் குனிந்து உட்காரும்போது ஜவ்வின்மேல் அழுத்தம் கூடுகிறது. விடைத்தாள் திருத்தும் முகாமில் நீங்கள் நாள் முழுக்க அப்படித்தான் உட்காருகிறீர்கள். ஒரு கட்டு முடிந்ததும் எழுந்து, இடுப்பில் கைவைத்துப் பின்னால் ஐந்து முறை மெதுவாக வளையுங்கள். இப்போதே ஒருமுறை செய்து பார்க்கலாம், எல்லோரும் எழுந்திருங்கள். சுவரோரம் நிற்பவர்கள் மட்டும், கால்வலி கூடினால் உடனே நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள்.