ஒட்டுச்சீட்டின் முதுகுக் கீறல்

ஒட்டுச்சீட்டின் பின்தாளை உரிக்க மாட்டாது, நகத்தால் மூலையைச் சுரண்டிச் சுரண்டி ஈற்றில் சீட்டையே கிழித்துவிடுவோர் பலர். குற்றம் அவர்களுடையதன்று. சீட்டும் பின்தாளும் ஒரே அளவாய் வெட்டப்பட்டிருப்பின், விரல் பற்றுதற்கு விளிம்பு ஏது?

1935 ஆம் ஆண்டில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஸ்ரான்டன் ஏவரி என்பார், தாம் மணக்கவிருந்த ஆசிரியையிடம் 100 டொலர் கடன் பெற்று (ஆசிரியச் சம்பளத்தில் அது சிறு தொகையன்று) ஒட்டுச்சீட்டு செய்யும் இயந்திரமொன்றை அமைத்தார். இத்தகைய சீட்டுக்களில் மேற்றாள் வெட்டுப்படும். பின்தாள் முழுதாக நிற்கும். முதுகுக் கீறலோ இதன் மறுதலை. பின்தாள் பிளத்தல் வேண்டும். மேற்றாளில் வடுவும் விழலாகாது.

ஆயிரக்கணக்கில் செய்யுங்கால் ஒவ்வொன்றாகக் கீறுவாரில்லை. சுருளிலிருந்து ஓடும் தாளின் முதுகில் வட்டக்கத்திகள் உருண்டு நெடுங்கோடுகளை இடும். ஒவ்வொரு சீட்டையும் ஒரு கோடாயினும் ஊடறுக்கும்படி கத்திகளின் இடைவெளியை முன்னரே அளந்து வைப்பர். பின்தாளின் தடிப்போ ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கு. கத்தி சற்றே ஆழ்ந்தால் சீட்டுப் பழுது. மேலோட்டமாய்ச் சென்றால் கீறல் இருந்தும் பயனில்லை. தொடக்கத்துப் பிழை சுருள் முழுவதும் தொடருமாதலின், கைதேர்ந்த தொழிலாளி சிறிது தூரம் ஓட்டியதும் பொறியை நிறுத்தி, ஒரு சீட்டை முதுகுப்புறம் வெளித்தோன்ற மடித்துப் பார்ப்பார். கீறல் வாய் திறந்தாலன்றிச் சுருள் மீண்டும் ஓடாது.