களஞ்சியக் கதவு

இன்று துருக்கியில் கைசேரி என வழங்கும் நகருக்குப் பண்டைக்காலத்தில் செசரியா என்று பெயர். கப்பதோக்கியா நாட்டின் தலைநகர் அது. கி.பி. 369-ஆம் ஆண்டையொட்டி அங்கே கொடும்பஞ்சம் தோன்றியது. கடற்கரை ஊராயின் கப்பல் வழியே தானியம் வந்திறங்கும். மலைசூழ்ந்த உள்நாட்டு ஊருக்கு ஏது கப்பல்? ஆயினும் செல்வர் சிலரின் களஞ்சியங்கள் நிறைந்தே இருந்தன. விலை இன்னும் ஏறட்டும் என்று அவை பூட்டிக் கிடந்தன. இவ்வழக்கம் கப்பதோக்கியாவுக்கு மட்டும் உரியதன்று என்பதை நீங்களே அறிவீர்கள்.

அந்நகரில் அப்போது குருவாக இருந்த பசிலியார் அக்கதவுகளை நோக்கியே பிரசங்கம் செய்தார். உண்டு மிஞ்சிய அப்பம் பசித்தவனுக்கு உரியது. அதை அளிப்பது கொடையன்று, கடன் தீர்ப்பதே என்பது அவர் கொள்கை. ஈகையைப் பெருமையாக எண்ணிப் பழகிய நமக்கு இது சற்றுக் கசக்கத்தான் செய்யும். முதன்முறை படித்தபோது எனக்கும் கசந்தது. செல்வர்க்கும் கசந்திருக்கும், ஆனால் கதவுகள் திறந்தன. பசித்தோரை ஓரிடத்தே கூட்டி, கொப்பரைகளில் பயற்றுக் கூழும் உப்பிட்ட இறைச்சியும் சமைப்பித்து, அவரே முன்னின்று பரிமாறினார் என அவர் நண்பர் கிரகோரியார் கூறுகிறார்.

370-இல் ஆயரான பின்னர், நகருக்கு வெளியே நோயாளருக்கும் வழிப்போக்கருக்கும் விடுதிகள் எழுப்பினார். ஊரார் விரட்டிய தொழுநோயாளரைத் தழுவி முத்தமிட்டார். இதையும் சிலர் ஆளுநரிடம் குறையாகச் சொன்னார்கள். இவ்விடுதிகளால் யாருக்கு என்ன தீங்கு என்று கேட்டு ஆளுநர் எலியாவுக்குப் பசிலியார் வரைந்த கடிதம் இன்றும் கிடைக்கிறது.