ஐந்து மைலுக்குள் காய்ச்சிய பால்



வெளியூர்ச் சரக்கும் உள்ளூர் உரிமமும் என்று பொருள் கொடுத்துவிட்டால், தலைமை உரை புகார்த் துறைமுகத்தில் புலி முத்திரை குத்துவதில் தொடங்கி, சுங்கம் தவிர்த்த குலோத்துங்கனுக்கு ஒரு கும்பிடு போட்டு, ஜிஎஸ்டியில் வந்து இறங்குவது நம் மரபு. இன்று அந்தப் பாதையில் போகவில்லை. ஒரே ஒரு வழக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பாலுக்குப் பேர்போன மாநிலம். அதன் தலைநகர் மேடிசன். அந்நகரத்தில் ஒரு விதி இருந்தது: நகரின் மையச் சதுக்கத்திலிருந்து 5 மைல் தொலைவுக்குள், நகராட்சி ஏற்ற ஆலையில் காய்ச்சிப் புட்டியில் அடைத்தால்தான் அதைப் பதப்படுத்திய பால் என்று விற்கலாம். இன்னொரு விதிப்படி, பால் வரும் பண்ணையை மேடிசன் ஆய்வாளர் பார்த்து அனுமதி கொடுத்திருக்க வேண்டும். ஆனால் 25 மைலுக்கு அப்பால் போய்ப் பார்க்கும் கடமை அவருக்குக் கிடையாது. ஆக, தொலைவில் உள்ள பண்ணைக்காரர் அனுமதி வாங்கியே ஆக வேண்டும், அதைக் கொடுக்க யாரும் வர வேண்டியதில்லை. இதை எழுதிய கை சாமர்த்தியமான கைதான்.

டீன் மில்க் என்ற நிறுவனம் அண்டை மாநிலமான இல்லினாய்ஸைச் சேர்ந்தது. அதன் இரண்டு ஆலைகள் மேடிசனிலிருந்து 65 மைலிலும் 85 மைலிலும் இருந்தன. அங்கே காய்ச்சிய பாலைச் சிகாகோ சுகாதார அதிகாரிகள் ஆய்வு செய்து முதல் தரம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். மேடிசனில் விற்க அந்நிறுவனம் உரிமம் கேட்டது, கிடைக்கவில்லை. ஆலை 5 மைலுக்கு வெளியே இருக்கிறது என்பது ஒன்றே காரணம். இத்தனைக்கும் மேடிசன் அமைந்த டேன் மாவட்டத்தில் கறந்த பால் நகரத்தின் தேவையைப் போல் பத்து மடங்குக்கு மேல். அதில் கணிசமான பகுதி சிகாகோவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. நம் பால் சிகாகோவுக்குப் போகலாம், சிகாகோ அதிகாரி சரிபார்த்த பால் நம் ஊருக்குள் வரக்கூடாது என்பதுதான் நிலைமை.

நிறுவனம் தொடுத்த வழக்கில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 5 மைல் விதியை ஏற்றது. 1951இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. நீதிபதி டாம் கிளார்க் எழுதிய தீர்ப்பு நகராட்சியின் சுகாதார அதிகாரத்தை மறுக்கவில்லை. மக்கள் நலனைக் காக்க, வெளியூர் வணிகத்தை ஒதுக்காத வேறு வழிகள் இருக்கும்போது இதை ஏன் பிடித்துக்கொண்டீர்கள் என்று கேட்டது. ஆய்வாளரைத் தொலைவுக்கு அனுப்பி, ஆகும் நியாயமான செலவைப் பால் கொண்டுவருவோரிடமே வாங்கலாம். அல்லது, மேடிசன் தரத்துக்குக் குறையாத விதிகளின்படி வெளியூரில் சரிபார்க்கப்பட்ட பாலை ஏற்கலாம். விஸ்கான்சினின் பிற பகுதிப் பாலையும் இதே விதி தடுக்கிறதே என்ற சமாதானமும் எடுபடவில்லை.

மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஹ்யூகோ பிளாக்கை நம் வகுப்பறைகளில் இரண்டு வரியில் முடித்துவிடுகிறோம். அது சரியல்ல. மாற்று வழிகள் அதே அளவு பாதுகாப்பானவை என்பதற்குச் சான்று எங்கே, ஊர் மக்களின் உடல்நலத்தில் அந்த ஐயத்தின் விலையை யார் கொடுப்பது என்று அவர் கேட்டார். வலுவான கேள்வி. ஆனாலும் நான் கிளார்க் பக்கம்தான். கிருமிக்கு மைல்கல் தெரியாது. சுத்தத்தை அளக்க வேண்டிய விதி தூரத்தை அளந்தால், அது யாருக்காகப் போட்ட விதி என்று கேட்கத்தான் வேண்டும்.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1946இல் ரிச்மண்ட் நகரத்தின் ஓர் உரிம வரி இதே நீதிமன்றத்தில் விழுந்தது. வெளியூர் நிறுவனத்துக்காக ஆர்டர் பிடிக்க வந்தவரும் முதலில் 50 டாலர் கட்ட வேண்டும், அதற்கு மேல் முந்தைய ஆண்டு வருமானத்தில் ஒரு பங்கு. ஒரே ஊரில் ஆண்டு முழுதும் விற்பவருக்கு இது பெரிய தொகையல்ல. ஊர் ஊராகப் போகிறவர் ஒவ்வோர் ஊரிலும் இப்படிக் கட்டினால் முதலே மிஞ்சாது.

நம் நாட்டுக்கு வருவோம். மும்பை எல்லையில் லாரிகளை வரிசையில் நிறுத்திவைத்த ஆக்ட்ராய் என்ற நகர நுழைவு வரி 2017 ஜூலை 1இல் ஒழிந்தது. நாமக்கல் லாரிக்காரர்களிடம் கேட்டால் அந்த வரிசைகளைப் பற்றி நாள் முழுதும் சொல்வார்கள். ஆனால் ஜிஎஸ்டி விழுங்கியது நுழைவு வரியைத்தான், உரிமத்தை அல்ல. உரிமக் கட்டணம் எப்போது வரியாக மாறுகிறது என்ற கேள்விக்கு நம் தொடக்கப்புள்ளி சென்னை மாநிலத்திலிருந்து நம் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சிரூர் மடம் வழக்கு. 1954இல் வந்த அந்தத் தீர்ப்பு, கட்டணம் என்றால் ஈடாக ஒரு சேவை இருக்க வேண்டும் என்றது. பிந்தைய தீர்ப்புகள் இந்தக் கட்டைத் தளர்த்தின. ஒழுங்குமுறைக்கான கட்டணம் அளவு மீறாதிருந்தால் போதும் என்றாகிவிட்டது. அந்த அளவை யார் கணக்கிடுவது? ஆய்வாளரின் சம்பளம், வண்டிச் செலவு, பரிசோதனைக் கூடச் செலவு என்று பிரித்துக் காட்டும் உள்ளாட்சித் தீர்மானங்களை இளம் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்க்க வேண்டும். தீர்ப்புகளை மட்டும் மேற்கோள் காட்டும் கட்டுரைகள் நமக்குப் போதுமான அளவு சேர்ந்துவிட்டன.

உணவுப் பொருளில் நாம் கிளார்க் காட்டிய வழிக்கு அருகில் வந்திருக்கிறோம். முறுக்குப் பாக்கெட்டின் பின்புறம் 14 இலக்க உரிம எண் இருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஓர் ஊரில் வாங்கிய அந்த உரிமத்தை அடுத்த ஊர் அதிகாரியும் ஏற்கிறார். சரக்கு இறங்கும் கிடங்குக்கு மட்டும் தனி உரிமம் வேண்டும்.

சிக்கல் இனி அந்தக் கிடங்கில்தான். நகர எல்லையை ஒட்டி ஒரு கிடங்கு. அது இருக்கும் ஊராட்சி உரிமக் கட்டணம் வாங்குகிறது. அங்கிருந்து சரக்கோடு கிளம்பும் பைக்குகள் நாள் முழுதும் ஓடுவதும், அட்டைப்பெட்டிக் குப்பை சேர்வதும் பக்கத்து மாநகராட்சியில். மேடிசன் வெளியாரிடம் அநியாயமாகக் கேட்டது. இங்கே மாநகராட்சி கேட்பது நியாயமாகவே இருந்தாலும், எந்தப் பெயரில், எந்த அதிகாரத்தில் கேட்கும்? ஆண்டுக்கு ஒரு தொகையா, நடைக்கு ஒரு தொகையா? ரிச்மண்ட் செய்த தவறு இதில் திரும்பாமல் இருக்க என்ன வழி? பிற்பகல் அமர்வில் கட்டுரை படிப்பவர்கள் இதற்கு விடை தராமல் மேடையை விட்டு இறங்கக்கூடாது என்பது தலைவர் என்ற முறையில் என் உத்தரவு. முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.