வேரைக் கேட்டு வாங்குங்கள்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

தலைமையாசிரியர் பேச எழுந்தால் கல்வியின் பெருமையைப் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பழமரங்களின் வேரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதுவும் கல்வியே. நம்மில் பலருக்கு அரை ஏக்கரோ ஓர் ஏக்கரோ நிலம் இருக்கிறது. அதில் மரம் வைக்க விரும்புவோர் ‘எந்தப் பழம்?’ என்று கேட்கிறார்கள். ‘எந்த வேர்?’ என்று கேட்பவர் அரியர். அந்தக் கேள்வியைக் கேளாமையால் வரும் இழப்பை நான் என் வீட்டிலேயே கண்டவன்.

என் தந்தையார் பிறர் தோட்டங்களில் குழி வெட்டிய உழைப்பாளி. அவர் வெட்டிய குழிகளில் நூற்றுக்கணக்கான எலுமிச்சை மரங்கள் வளர்ந்தன. அவற்றுள் ஒன்றுகூட அவருடையதன்று. முதுமையில் சிறிது நிலம் வாங்கி முப்பது கன்றுகளை நட்டார். பள்ளத்தில் அமைந்த கரிசல் நிலம் அது. நான்கு ஆண்டுகள் மரங்கள் செழித்தன. ஐந்தாம் ஆண்டு அடைமழையில் நீர் தேங்கி நின்றது. அடிமரத்தில் பிசின் வடிந்தது. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அடுத்த கோடைக்குள் பெரும்பாலானவை பட்டுப்போயின. ‘எல்லாம் விதி’ என்றார் தந்தையார். அது விதியன்று, மண்ணும் வேரும் பொருந்தாமையே என்பதை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

ஒட்டுக்கன்று என்பது இரண்டு செடிகள் இணைந்த ஒன்று. மேலே இருப்பது நாம் விரும்பும் பழத்தைத் தரும் கிளை. கீழே இருப்பது வேர்ச்செடி. பழத்தின் இனம் மேற்கிளையைப் பொறுத்தது. வறட்சியைத் தாங்குவதும், உப்பையும் சுண்ணாம்பையும் பொறுப்பதும், வேரழுகலை எதிர்ப்பதும் பெரும்பாலும் வேர்ச்செடியைப் பொறுத்தவை.

2019இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து உருவான நம் தென்காசி மாவட்டத்தின் மண்ணைப் பாருங்கள். குற்றாலத்து மலையடிவாரத்தில் சாரலும் நிழலும் ஈரமும் உண்டு. எனவே அங்கு மங்குஸ்தான் காய்க்கிறது. கிழக்கே ஆலங்குளம் பக்கம் வந்தால் செம்மண்ணும் காய்ந்த காற்றும். சங்கரன்கோவில் பக்கம் சென்றால் கரிசல். குற்றாலத்தில் காய்ப்பதைக் கண்டு ஆசைப்பட்டு மங்குஸ்தானை ஆலங்குளத்து மேட்டில் நட்டால் அது பிழைக்காது. அதன் வேர் இடைவிடாத ஈரத்தை நாடுவது.

எலுமிச்சை நம் மாவட்டத்தின் பயிர். புளியங்குடிச் சந்தையை அறியாதவர் இல்லை. பெரியகுளத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.கே.எம்.1 என்னும் எலுமிச்சை இரகத்தின் மூலமே நம் கடையத்து எலுமிச்சைதான். எலுமிச்சையை விதைக்கன்றாகவே நடுவது வழக்கம். வேர்ச்செடியில் மொட்டுக் கட்டியும் வளர்க்கலாம். ஆழமான, நீர் வடியும் மணற்பாங்கான மண்ணுக்குக் கரடு எலுமிச்சை எனப்படும் ஜம்பேரி வேர் ஏற்றது. உப்பும் சுண்ணாம்பும் வறட்சியும் உள்ள இடத்தில் ரங்பூர் எலுமிச்சை வேர் மேலானது. ஆனால், நீர் தேங்கும் பள்ளத்தில் இவ்விரண்டும் வேரழுகலுக்கு ஆளாகும். அங்கே முதலில் வேண்டுவது வடிகாலும் மேட்டுப் பாத்தியும். இன்னொன்று: டிரிஸ்டிசா என்னும் நச்சுயிரி நோய் எலுமிச்சை மரத்தையே தாக்குவது, வேரை மாற்றினால் மட்டும் அதனின்று தப்ப இயலாது. நோயற்ற தாய் மரத்திலிருந்து மொட்டு எடுப்பதும் அசுவினியைக் கட்டுப்படுத்துவதும் இன்றியமையாதவை.

அடுத்து சப்போட்டா. இது மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்த மரம். இதனை நம் நாட்டில் தாங்கி நிற்பது எது? நம் வறண்ட காடுகளில் தானே வளரும் பாலை மரத்தின் வேர். மாடு மேய்க்கும் சிறுவர் பறித்துத் தின்னும் மஞ்சள் நிறச் சிறு பழத்தைத் தரும் அதே பாலை. விதை முளைத்து ஒட்டுக் கட்டும் பருமனை எட்ட இரண்டு ஆண்டுகள் ஆகலாம்; ஆனால் அதன் உறுதிக்கு வேறு வேர் இணையாவதில்லை. களர் நிலம் உடையவர்கள் நெல்லியை எண்ணிப் பார்க்கலாம். நாட்டு நெல்லி விதைக்கன்றின் மீது நல்ல இரகத்தின் மொட்டைக் கட்டுவது எளிய முறை.

இப்பாடத்தை உலகம் பெருவிலை கொடுத்தே கற்றது. 1860களில் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பூச்சி அழிக்கத் தொடங்கியது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் காட்டுக் கொடிகளின் வேரில் ஒட்டுக் கட்டித் திராட்சையைக் காத்தனர். ஆயினும் சுண்ணாம்பு மண்ணில் அவ்வேர்களுட் பல வெளிறி நலிந்தன. 1887இல் பியர் வியாலா என்னும் அறிஞர் அமெரிக்கா சென்று, டெக்சாசின் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் காட்டுக் கொடியே அம்மண்ணுக்கு ஏற்ற வேர் என்பதை மன்சன் என்பாரின் துணையால் அறிந்தார். மண்ணுக்கேற்ற வேரைத் தேடி ஒரு நாடு கடல் கடந்து ஆளனுப்பியது. நாமோ நாற்றங்காலில் ஒரு கேள்வி கேட்கவும் தயங்குகிறோம்!

இதை நான் நம் மன்றத்தில் பேசுவதற்குக் காரணம் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அந்தப் பஞ்சமி நிலங்களுள் பெரும்பகுதி பிறர் கைக்குச் சென்றது. இன்று நம்மிடம் இருப்பதும் பலருக்குக் கல்லும் களருமான துண்டு நிலமே. நூறு ஏக்கர் உடையவர் ஓர் ஏக்கரில் தவறு செய்தால் தாங்குவார். ஓர் ஏக்கரே உடையவர் தவறினால் நிலத்தை விற்க நேரும். ஏழைக்குத்தான் வேரைப் பற்றிய அறிவு அதிகம் தேவை.

எனவே இளைஞர்களே, நான்கு செயல்களைச் செய்யுங்கள். முதலாவது, மூன்றடி ஆழம் குழி வெட்டி மண்ணைப் பாருங்கள். குழியில் நீர் ஊற்றி மறுநாள் வடிந்துள்ளதா எனக் காணுங்கள். இரண்டாவது, மண் பரிசோதனை செய்யுங்கள். நம் பள்ளி ஆய்வுக் கூடத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஆசிரியர் முன்னிலையில் ஒரு சொட்டு விட்டாலே, நுரைக்கும் மண்ணில் சுண்ணாம்பு உண்டென அறியலாம். மூன்றாவது, கன்று வாங்கும்போது வேர்ச்செடியின் பெயரைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். நான்காவது, ஒட்டுப் பகுதியை மண்ணுக்கு மேலேயே வையுங்கள். அதற்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளிவிடுங்கள். விட்டால் காட்டுச் செடியே ஓங்கி, ஒட்டுக் கிளை மடியும்.

இறுதியாக ஒரு சொல். ‘வேரே எல்லாம் என்றால் பிறப்பே எல்லாம் அன்றோ?’ என்று எவரேனும் உங்களிடம் கேட்கலாம். மனிதர் மரமல்லர். மரத்தைப் பார்த்தாலும் தோட்டக்காரர் வேரின் குலத்தை விசாரிப்பதில்லை. இந்த மண்ணைத் தாங்குமா என்றே சோதிக்கிறார். காட்டுப் பாலை அச்சோதனையில் தேறியதால்தான் சப்போட்டா அதன்மேல் நிற்கிறது.

நம் முன்னோர் பிறர் தோட்டத்தில் குழி வெட்டினர். நீங்கள் உங்கள் நிலத்தில் குழி வெட்டுங்கள். ஒட்டுக் கட்டும் கலையைக் கற்று, நாற்றங்கால் நடத்துவோராகவும் உயருங்கள். இக்கழகம் பொன் விழாக் காணும்போது, நம் தோட்டத்துப் பழம் அவ்விழாப் பந்தியில் பரிமாறப்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.