போர்வைக்கு எத்தனை பேர்?



பழைய சீலைகளை வெட்டி, அடுக்கி, கையால் தைத்த ஒரு போர்வை. பதுளைக் குளிருக்கு அருமையாக இருக்கும். விற்கப் போனால் என்ன சொல்கிறார்கள்? "பழைய துணிதானே அக்கா, குறைச்சுக் குடுங்க!"

துணி பழையதுதான். தையல் பழையதா?

தேயிலைக் கொழுந்தை நிறுக்கத் தராசு இருக்கிறது. தையலுக்கோ தராசே இல்லை. அதனால் ஒரு கொப்பி வையுங்கள். தைத்த நேரத்தை அன்றன்றைக்கே எழுதுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்கிறோம். அதே கணக்கைப் போர்வைக்கும் போடுங்கள். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் தைத்தால், நாலு பின்னேரம் ஒரு பேர். பதினாறு பின்னேரம் தைத்த போர்வையில் நாலு பேர் இருக்கிறது. 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கிலேயே கூலி மட்டும் ஐயாயிரத்தைத் தாண்டும். நூலும் துணியும் தனி. விற்க எல்லவுக்குக் கொண்டுபோகும் பஸ் காசும் தனி.

கொப்பியை வாங்குபவரிடம் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நேரத்தைக் கண்ணால் பார்த்தால் சிலர் பேரம் பேசமாட்டார்கள். சிலர் அப்போதும் பேசுவார்கள். அவர்களுக்காக விலையைக் குறைக்காதீர்கள், அளவைக் குறையுங்கள். அதே தையலில் ஒரு தலையணை உறை, ஒரு பிள்ளைப் போர்வை. நேரம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் ஒரு பேருக்குரிய கூலி மட்டும் அதேதான்.